வகுப்பறையில் வெக்கையும் குளிரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக வகுப்பறைகளில் உட்கார்ந்து பாடம் கேட்பவர்கள், பாடம் நடத்துபவர்கள், அந்த அறைகளைப் பராமரிப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பும் படிக்க வேண்டும் என்று எழுதியது இது. ஏசியை 24-இல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நிர்வாகம் நினைக்கிறது. மாணவர்களோ வாய் திறக்காமல் சகித்துக்கொள்கிறார்கள். அறையில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் அறையைச் சரிசெய்ய முடியாது என்பதே என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்களும் அதை ஒட்டித்தான் போகும்.

வெப்ப இதம் என்று எதைச் சொல்கிறார்கள்?

அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 55-ஆம் எண் தரநிலை இதற்கு ஒரு வரையறை தருகிறது. தன்னைச் சுற்றியுள்ள வெப்பச் சூழல் போதும், திருப்தி என்று மனம் சொல்லும் நிலையே வெப்ப இதம். பொறியாளர்கள் எழுதிய வரையறையிலேயே மனம் முன்னால் நிற்கிறது. அதனால் "மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது, உனக்குத்தான் பிரமை" என்று ஒரு மாணவரிடம் சொல்ல யாருக்கும் இடமில்லை.

தெர்மாமீட்டர் 28 தான் காட்டுகிறது. அப்புறம் ஏன் இவ்வளவு புழுக்கம்?

சாதாரணத் தெர்மாமீட்டர் காற்றின் வெப்பநிலையை மட்டும்தான் சொல்லும். உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்பவை ஆறு. காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள சுவர், கூரை, கண்ணாடி ஆகியவை வீசும் கதிர்வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம் ஆகிய நான்கும் அறையைச் சேர்ந்தவை. உடுத்தியிருக்கும் துணியும், உடம்பு செய்யும் வேலையின் அளவும் நம்மைச் சேர்ந்தவை.

இதில் பலரும் மறந்துவிடுவது கதிர்வெப்பத்தைத்தான். மேல்மாடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரை, தலைக்கு மேலே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. காற்று 28 டிகிரி. சுற்றுப்புறப் பரப்புகளின் சராசரிக் கதிர்வெப்பநிலை 34 என்று வைப்போம். காற்று அசையாத அறையில் உடம்பு உணர்வது ஏறக்குறைய இவ்விரண்டின் நடுமதிப்பு, அதாவது 31 டிகிரி. தரைத்தளத்தில் இதே 28 டிகிரிக் காற்றும் 27 டிகிரிச் சுவர்களும் இருந்தால் உணர்வது 27.5. தெர்மாமீட்டர் இரண்டு அறையிலும் 28 என்றே காட்டும். உட்கார்ந்திருப்பவருக்கோ மூன்றரை டிகிரி வித்தியாசம். கான்கிரீட் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாகத்தான் விடும் என்பதால் இந்தத் தொல்லை உச்சி வேளையோடு முடிவதில்லை. கூரையின் உள்பக்கம் மிகவும் சூடாக இருப்பது வெயில் தாழ்ந்த பிறகுதான். மாலை வகுப்புக்கு மேல்மாடியை ஒதுக்குகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஈரப்பதம் அவ்வளவு முக்கியமா?

மிதமான அறையில் அவ்வளவு இல்லை. சூடு ஏற ஏற, உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான் என்ற நிலை வரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே நிற்கும். புழுக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

வகுப்பு தொடங்கும்போது நன்றாக இருந்த அறை அரை மணி நேரத்தில் ஏன் கொதிக்கிறது?

உள்ளே இருப்பவர்களால்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறார். 60 பேர் இருந்தால் 6,000 வாட். இதோடு லேப்டாப்களையும் புரொஜெக்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறை 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். உள்ளே இருக்கும் காற்றின் எடை 280 கிலோ அளவில் வரும். ஆளுக்கு 70 வாட் நேரடிச் சூடாகப் போகிறது என்று வைத்தால் மொத்தம் 4,200 வாட். அந்தச் சூடு முழுவதையும் காற்று மட்டுமே வாங்கிக்கொண்டால், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். சுவரும் தரையும் மேசைகளும் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால் நடப்பில் அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. ஆனால் அவையும் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். மீதி 30 வாட் மூச்சிலும் வியர்வையிலும் நீராவியாகப் போகிறது. 60 பேருக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கிறது.

அடுத்தடுத்து மூன்று வகுப்புகள், இடையில் கதவுகூடத் திறக்கவில்லை என்றால் மூன்றாவது வகுப்புக்கு வருபவர்கள் முந்தைய இரண்டு வகுப்புகளின் சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். பத்து நிமிட இடைவெளியில் எதிரெதிர் ஜன்னல்களையும் கதவையும் விரியத் திறந்துவிட்டாலே நல்ல மாற்றம் தெரியும். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாக இல்லாத வேளைகளில் இதைவிட மலிவான வழி கிடையாது.

உள்ளே நுழைந்ததும் ஏசி சுகமாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் குளிர் நடுக்குகிறதே?

இரண்டு காரணங்கள். முதலாவது, நீங்கள் நடந்து வந்திருக்கிறீர்கள். உடம்பின் வேலையை மெட் என்ற அலகில் அளக்கிறார்கள். அமைதியாக உட்கார்ந்திருப்பது 1 மெட், சாதாரண வேகத்தில் நடப்பது 2-க்கு மேல். அவசரமாகப் படியேறி வந்தால் இன்னும் அதிகம். அந்தச் சூடு உடம்பில் மிச்சம் இருக்கும்வரை குளிர்காற்று சுகம். முன்பு செய்த வேலையின் தாக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்வரை இருக்கும் என்று ஆஷ்ரே தரநிலையே சொல்கிறது. ஒரு மணி நேர வகுப்பு என்றால் கிட்டத்தட்ட முழு வகுப்பும் இந்த மாறும் காலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது!

இரண்டாவது காரணத்தை பிரெஞ்சு உடலியலாளர் மிஷேல் கபனாக் 1971-இல் விளக்கினார். ஒரு தூண்டல் சுகமா தொல்லையா என்பது, உடம்பு அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சூடேறிய உடம்புக்குக் குளிர் இன்பம். சூடு தணிந்த பிறகு அதே குளிர் இம்சை.

ஆகவே முதல் ஐந்து நிமிடத்தில் எழும் "இன்னும் குறைங்க" என்ற குரலை நம்பி 18-க்கு இறக்கக் கூடாது. அந்தக் குரல் உண்மைதான், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அதுவரை ஃபேனைக் கூட்டி வைத்துச் சமாளித்தால் போதும்.

ஆசிரியருக்குச் சரியாக இருக்கும் சூடு எங்களுக்கு ஏன் இல்லை?

அவர் நின்று, நடந்து, கை வீசிப் பேசுகிறார். நீங்கள் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். அவர் உடம்பில் சூடு உங்களுடையதைவிடக் கூடுதலாக உற்பத்தியாகிறது. ரிமோட்டும் பெரும்பாலும் அவர் மேசையில்தான் இருக்கிறது. ஏசி வகுப்பறைகளில் மாணவர்கள் குளிரில் சுருண்டு உட்கார்ந்திருப்பதற்கு இந்தச் சேர்க்கை ஒரு பெரிய காரணம்.

ஒரே வரிசையில் ஒருவர் வியர்க்கிறார், இன்னொருவர் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். யாரைத் திருப்திப்படுத்துவது?

எல்லோரையும் ஒரே டிகிரியில் திருப்திப்படுத்த முடியாது. டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும் குழு ஒன்றின் சராசரி உணர்வைக் கணிக்கும் சமன்பாட்டைத் தந்தார். மிகுந்த குளிருக்கு −3, மிகுந்த சூட்டுக்கு +3, நடுவில் 0. இன்றும் உலகம் முழுக்கப் பயன்படும் பி.எம்.வி. அளவீடு இதுதான். சராசரி மிகச் சரியாக 0-இல் இருந்தாலும் 5 சதவீதம் பேர் அதிருப்தியோடுதான் இருப்பார்கள் என்று அவரே கணித்திருக்கிறார். நூறு பேர் அறையில் ஐந்து பேர். அந்தக் கணக்குக்கு ஆதாரமாக இருந்த ஆய்வக அளவீடுகளில் பெரும்பங்கு கல்லூரி வயது மாணவர்களிடம் எடுத்தது என்பது நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி.

வித்தியாசத்துக்குக் காரணங்கள் பல. உடை அதில் முதன்மையானது. துணியின் காப்பை குளோ என்ற அலகில் சொல்கிறார்கள். கோடைக்கால மெல்லிய உடை 0.5, கோட்டும் சூட்டுமான உடை 1. ஒவ்வொரு 0.1 குளோவும், உட்கார்ந்திருப்பவருக்கு ஏறக்குறைய அரை டிகிரி வித்தியாசத்துக்குச் சமம். மெத்தை வைத்த நாற்காலிகூடக் கணக்கில் வரும். அப்புறம் உட்கார்ந்திருக்கும் இடம்: ஏசி வாய்க்கு நேர் கீழே, வெயில் விழும் ஜன்னலோரம், படிக்கட்டு அரங்கின் கடைசி வரிசை. சூடான காற்று மேலே ஏறுவதால் படிக்கட்டு அரங்கில் பின்வரிசை புழுங்கும்போது முன்வரிசை குளிரும்.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் வித்தியாசம் உண்டா என்றும் கேட்கிறார்கள். குளிர்ப்பக்கம் போகும்போது பெண்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். 2019-இல் பெர்லினில் 543 மாணவர்களிடம் 16 முதல் 33 டிகிரிவரை வெவ்வேறு வெப்பநிலையில் நடத்திய சோதனை வெளிவந்தது. அறை சூடாக ஆக, கணக்கிலும் சொல் தேர்விலும் பெண்களின் மதிப்பெண் கூடியது. ஆண்களுடையது கொஞ்சம் குறைந்தது. பெண்களுக்குக் கிடைத்த ஏற்றம், ஆண்களுக்கு ஏற்பட்ட இறக்கத்தைவிடப் பெரியது. ஒரே ஒரு சோதனையை வைத்து எல்லா அறையின் ரிமோட்டையும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் "குளிர்ந்த அறையில்தான் மூளை வேலை செய்யும்" என்று எல்லோருக்கும் சேர்த்துச் சட்டம் போடுவதை இது கேள்விக்கு உள்ளாக்குகிறது.

சரி, எத்தனை டிகிரி வைக்கலாம்? ஒரு எண் சொல்லுங்கள்.

ஏசி ஓடும் மூடிய வகுப்பறைக்கு என்றால் ஐஎஸ்ஓ 7730 என்ற சர்வதேசத் தரநிலையில், கண்டிப்பில் நடுத்தரமான பிரிவு தரும் எண்: கோடை உடையில் 23 முதல் 26 டிகிரி, குளிர்கால உடையில் 20 முதல் 24. இது காற்றும் கதிர்வெப்பமும் சேர்ந்த வெப்பநிலை, ரிமோட்டில் தெரியும் எண் அல்ல.

ஜன்னலும் ஃபேனும் மட்டும் உள்ள அறைக்கு இந்த எண் பொருந்தாது. அங்கே ஃபாங்கரின் சமன்பாடு, மனிதர்கள் உண்மையில் உணர்வதைவிட அதிகச் சூட்டைக் காட்டிவிடுகிறது. வெளிச்சூட்டுக்கு நாம் பழகிக்கொள்கிறோம், எதிர்பார்ப்பும் அதற்கேற்ப மாறுகிறது. ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் இருவரும் பல நாடுகளின் 160 கட்டடங்களிலிருந்து வந்த சுமார் 21,000 பதில்களைச் சேர்த்து ஆராய்ந்து, 1998-இல் இதற்கான எளிய கணக்கைத் தந்தார்கள். 2004-இல் அது ஆஷ்ரே தரநிலையில் இடம்பெற்றது. சமீப நாட்களின் வெளிச் சராசரி வெப்பநிலையை 0.31-ஆல் பெருக்கி 17.8-ஐக் கூட்டுங்கள். வருவதுதான் உள்ளே இதமான வெப்பநிலை. அதற்கு மேலும் கீழும் மூன்றரை டிகிரிவரை 80 சதவீதம் பேர் ஏற்றுக்கொள்வார்கள். வெளியே சராசரி 30 என்றால் உள்ளே 27.1, ஏறக்குறைய 23.6 முதல் 30.6 வரை. வெளியே சராசரி 15 என்றால் 19 முதல் 26 வரை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஜன்னலைத் திறக்க, உடையை மாற்றிக்கொள்ள உள்ளே இருப்பவர்களுக்குச் சுதந்திரம் வேண்டும். பாடம் நடக்கும்போது எழுந்து ஜன்னலைத் திறக்க ஒரு மாணவர் தயங்குகிறார் என்றால், அந்த 30.6 அவருக்குப் பொருந்தாது. தரநிலையைக் காட்டி "இந்தச் சூடு தாங்கக்கூடியதுதான்" என்று சொல்லும் நிர்வாகம், அந்தச் சுதந்திரத்தையும் கூடவே கொடுத்தாக வேண்டும்.

ஃபேன் காற்றைக் குளிர்விக்குமா?

குளிர்விக்காது. மோட்டார் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கவும் செய்யும். ஆனால் உடம்பைக் குளிர்விக்கும். தோலின் வெப்பநிலை சுமார் 33, 34 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த காற்று வேகமாக உரசிப் போனால் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், வியர்வையும் சீக்கிரம் காயும். நொடிக்கு 0.8 மீட்டர் வேகமுள்ள காற்று, இரண்டரை டிகிரி அளவுக்கு வெப்பநிலையைக் குறைத்ததற்குச் சமமான உணர்வைத் தரும். அதனால் ஏசி அறையிலும் 26 அல்லது 27-இல் வைத்து ஃபேனை ஓடவிடலாம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் அளவில் எடுக்கும், பிஎல்டிசி மோட்டார் வைத்தது அதில் பாதிக்கும் குறைவாக. ஏசியோ ஆயிரத்துக்கு மேல். ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேன் யாரையும் குளிர்விப்பதில்லை, போகும்போது அணைத்துவிடுங்கள்.

காற்று, தோலைவிடச் சூடாகிவிட்ட கடும் வெக்கையில் ஃபேனை மட்டும் நம்ப முடியாது. தண்ணீர் குடிக்க வேண்டும், இடம் மாற வேண்டும். அந்த நிலையில் வகுப்பையே வேறு வேளைக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பேன்.

வெக்கை படிப்பைக் கெடுக்கிறதா, வெறும் அசௌகரியம்தானா?

கெடுக்கிறது. 2016 கோடையில் அமெரிக்காவின் பாஸ்டனில் வெப்ப அலை வந்தபோது, விடுதியில் தங்கிய 44 இளைஞர்களை 12 நாள் கவனித்தார்கள். 24 பேருக்கு ஏசி அறை, 20 பேருக்கு இல்லை. காலையில் எழுந்ததும் சின்னச் சின்னச் சோதனைகளைச் செய்ய வேண்டும். வெப்ப அலை நாட்களில், ஏசி இல்லாத அறையில் தூங்கியவர்கள் ஒரு சோதனையில் பதில் சொல்ல 13 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தார்கள். அவர்கள் அறையின் சராசரி வெப்பநிலை 26 டிகிரிதான். அனல் பறக்கும் சூடுகூட இல்லை. ஆனால் அந்த ஊர் மாணவர்கள் பழகியது வேறு. வெப்பமான ஊரில் வளர்ந்தவருக்கு அதே 26 சுகமாக இருக்கலாம். எந்த எல்லைக்கு மேல் கவனம் சிதறும் என்பது ஊருக்கு ஊர் மாறும். பகலில் வகுப்பில் சோர்வதற்கு முந்தைய இரவின் விடுதி அறையும் காரணமாகலாம்.

பள்ளி அளவிலும் சான்று உண்டு. அமெரிக்காவில் ஒரே தேர்வைத் திரும்ப எழுதிய ஏறத்தாழ ஒரு கோடி மாணவர்களின் மதிப்பெண்களை வைத்து 2020-இல் வெளியான ஆய்வு, வெப்பம் கூடிய கல்வியாண்டுகளில் கற்றல் குறைந்ததைக் காட்டியது. ஏசி உள்ள பள்ளிகளில் அந்த இழப்பு பெருமளவு இல்லை.

ஏசி வகுப்பில் தூக்கம் வருகிறதே?

பல அறைகளில் ஏசி உள்ளிருக்கும் காற்றையேதான் சுழற்றுகிறது. சுவரில் மாட்டும் சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. கதவை மூடிப் பலர் உட்கார்ந்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும். வெளியே அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது, நெரிசலான மூடிய அறையில் 1,000-ஐ எளிதாகத் தாண்டும். காற்று பழையதாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். குளிர்ந்த காற்று வேறு, புதிய காற்று வேறு. இரண்டும் வேண்டும்.

எங்கள் அறையை நாங்களே அளக்க முடியுமா?

தாராளமாக. ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். கதிர்வெப்பத்துக்கு, 40 மில்லிமீட்டர் டேபிள் டென்னிஸ் பந்தில் சின்ன ஓட்டை போட்டு, மங்கலான கறுப்புப் பெயின்ட் பூசி, உணர்முனை பந்தின் நடுவில் வருமாறு செருகுங்கள். பந்துக்குள் இருக்கும் வெப்பநிலை நிலைக்கும்வரை காத்திருந்து, பக்கத்தில் நிழலில் வைத்த சாதாரண உணர்முனையோடு ஒப்பிடுங்கள். பந்து கூடுதலாகக் காட்டினால் கூரையோ கண்ணாடியோ உங்களைச் சுடுகிறது. உட்கார்ந்திருப்பவரின் வயிறு மட்டத்தில், அதாவது தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் ஒரு அளவு. கணுக்கால் மட்டமான 10 சென்டிமீட்டரிலும் தலை மட்டமான 110 சென்டிமீட்டரிலும் இன்னும் இரண்டு. காலுக்கும் தலைக்கும் 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சுவரில் மாட்டி ஒரே இடத்தில் அளப்பதில் பயனில்லை. முன்வரிசை, கடைசி வரிசை, ஜன்னலோரம், ஏசிக்குக் கீழ் என்று நான்கு இடமாவது வேண்டும்.

அளவைவிட முக்கியம், உட்கார்ந்திருப்பவர்களிடம் கருத்துக் கேட்பது. இரண்டே கேள்வி போதும். இப்போது எப்படி உணர்கிறீர்கள்: மிகுந்த குளிர், குளிர், லேசான குளிர், நடுநிலை, லேசான சூடு, சூடு, மிகுந்த சூடு. இன்னும் குளிர வேண்டுமா, இப்படியே இருக்கலாமா, சூடு கூட வேண்டுமா? இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். லேசான குளிர் என்று சொன்னவர் "இப்படியே இருக்கட்டும்" என்றும் சொல்லலாம். உட்கார்ந்து அரை மணி நேரமாவது ஆன பிறகு கேளுங்கள். எந்த இருக்கை, என்ன உடை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?

வெயிலை உள்ளே விடாமல் தடுப்பதிலிருந்து. கண்ணாடிக்கு வெளியே நிழல் போட வேண்டும். உள்ளே திரை போட்டால் கண்கூச்சம் போகும், ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்த சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்தது கூரை: வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் மேல்மாடி அறைகளில் மாற்றம் தெரியும். பிறகு ஃபேன்கள், அவற்றுக்குத் தனித்தனி ஸ்விட்ச், திறக்கக்கூடிய ஜன்னல்கள். ஏசி கடைசியில்தான். மேற்சொன்னவற்றைச் செய்துவிட்டு வாங்கினால் சின்ன ஏசியே போதும்.

செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது. எந்த அறை எந்த வேளையில் சூடாகும் என்று பார்த்துக் கால அட்டவணையைப் போடுவது. மேற்குப் பார்த்த அறை காலையில், கிழக்குப் பார்த்த அறை பிற்பகலில். மேல்மாடி அறைகளுக்குக் காலை வகுப்புகள்.

ரிமோட் யாரிடம் இருக்க வேண்டும்?

வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எட்டும் இடத்தில். சண்டை வரும் என்று பயப்படுகிறார்கள். 24 முதல் 27 வரை என்று எல்லை கட்டிவிட்டு, மாற்றும் பொறுப்பை வகுப்பிலேயே சுழற்சியாகக் கொடுக்கலாம். எங்கே உட்கார்வது என்பதும் மாணவரின் விருப்பமாக இருக்கட்டும். அகர வரிசையில் இருக்கை ஒதுக்கினால், ஏசிக்குக் கீழே ஒருவர் ஆண்டு முழுக்க நடுங்க வேண்டியிருக்கும்.

தேர்வு நாளில் அறை தாங்க முடியாத சூடாக இருந்தால் முறையிடலாமா?

முறையிடுங்கள், அதுவும் தேர்வுக்கு முன்பே. ஒரே தாளை ஒருவர் தரைத்தளத்திலும் இன்னொருவர் கொதிக்கும் கூரையின் கீழும் எழுதுவது நியாயமே இல்லை. முறையீட்டில் "தாங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதாமல், அறை எண், வேளை, நான்கு இடங்களின் வெப்பநிலை, கருத்துக் கேட்டபோது எத்தனை பேர் சூடு என்று சொன்னார்கள் என்பதையும் சேருங்கள். அறையை மாற்றித் தாருங்கள், அல்லது தேர்வைக் காலைக்கு மாற்றுங்கள், இரண்டும் முடியாவிட்டால் கூடுதல் ஃபேன்களும் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ள அனுமதியும் வேண்டும் என்று இதே வரிசையில் கேளுங்கள்.